காலத்தால் ஒரு உதவி

பெயின்ட் கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை மனம்விட்டுப் பாராட்டி எழுதினார். பதிலுக்கு வரிசையாக அழுகிற முகங்கள் வந்து விழுந்தன.

ஆனந்தக் கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தார். விரல் தடிமன் என்பதால் அவர் போனில் தட்டுவதில்லை. வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். டின் குலுக்கும் மெஷின் ஒரு பக்கம் கடகடவென்று ஓட, இவர் மேடைப் பேச்சாளர் மாதிரி உருக்கமாகச் சொல்லி, அனுப்பியும் விட்டார்.

அழுகிற முகங்களுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரரின் பதில் வந்தது.

"அண்ணே, ரொம்ப வலிக்குதா? கடைக்கு வாங்க, ஆயின்மென்ட் தர்றேன்."

பாராட்டினால் எங்கே வலிக்கும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு தான் எழுதியதைத் தானே படித்தார்.

அவர் சொன்னது இது: "மாடியில் இருக்கும் கராத்தே டீச்சர் நேற்று எனக்குக் காலத்தால் ஒரு உதவி கொடுத்தார்."

போன் எழுதியிருந்தது இது: "மாடியில் இருக்கும் கராத்தே டீச்சர் நேற்று எனக்குக் காலால் ஒரு உதை கொடுத்தார்."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிச்சத்தையும் போன் அதே தடத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தது. "நான் கேட்காமலே கொடுத்தார். அந்த உதையை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். இந்தத் தெருவில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு உதை கிடைக்க வேண்டும்."

தெருக்காரர்களின் அந்த ஆன்லைன் குழுவுக்கு 'நல்லதை மட்டும்' என்று பெயர். ஆரம்பித்தவர் மருந்துக்கடைக்காரர். புகார் கூடாது, வம்பு கூடாது, வியாபார விளம்பரம் கூடவே கூடாது. நமக்கு நல்லது செய்த யாரைப் பற்றியாவது நாலு வரி எழுதலாம், அவ்வளவுதான். 'கைக்குழந்தையோடு பஸ்ஸில் ஏறினேன், அது அழுகையை நிறுத்தும்வரை கோமாளி முகம் காட்டிக்கொண்டே வந்த கண்டக்டருக்கு நன்றி.' 'மழையில் என் துணியையும் சேர்த்து எடுத்துவைத்த எதிர்வீட்டு அக்கா நல்லா இருக்கணும்.' இப்படியே போகும். விளம்பரம் கூடாது என்றால் இதில் யாருக்கு என்ன லாபம் என்று பெயின்ட் கடைக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் தினமும் கடை திறந்ததும் அதைத்தான் படிப்பார். படித்துவிட்டு நிமிர்ந்தால் வாடிக்கையாளர் முகம் கொஞ்சம் லட்சணமாகத் தெரிந்தது.

படிப்பாரே தவிர எழுத மாட்டார். நல்ல வார்த்தைக்குக் கொள்முதல் விலை கிடையாது; இருந்தும் அவர் அந்தச் சரக்கை வெளியே எடுத்ததே இல்லை. "உங்களுக்கு நல்லது செஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்று மனைவி இடித்துக்கொண்டே இருந்தாள்.

முந்தின நாள்தான் ஒருவர் அகப்பட்டார்.

அன்று அவர் கடையில் தனியாக நின்று மச்சானோடு போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சரக்கு, மாமியார். மகள் வீட்டுக்கு வந்த மாமியாரை மகன் வீட்டுக்கு என்றைக்கு அனுப்புவது என்பதில் இருவருக்கும் இழுபறி.

"அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன் மாமா."

"அடுத்த மாசமெல்லாம் கட்டுப்படியாகாது மச்சான். இந்த வாரம்."

"பத்து நாள் டைம் குடுங்க."

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் ஏத்திக் கேக்காத. வேணும்னா பஸ்ஸுல நானே ஏத்தி விடுறேன், இறக்குற கூலிதான் உன்னது."

"அம்மாவுக்குச் செருப்பு வார் அறுந்துடுச்சாமே மாமா. உங்ககிட்ட எத்தனை தடவ சொல்றதுன்னு வருத்தப்பட்டாங்க."

"செருப்பு சரியானா கிளம்பிடுவாங்கன்னு எழுதிக் குடு, இப்பவே தைச்சுட்டு வர்றேன்."

பேசிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி, அடித்தட்டிலிருந்து பெரிய டிரம் ஒன்றைத் தூக்கினார். தூக்காதீர்கள், தள்ளுவண்டி இருக்கிறது என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. டிரம் எழவில்லை. அவரும் எழவில்லை. இடுப்பில் ஒரு பூட்டு விழுந்தது. தலை இரண்டு டிரம்களுக்கு நடுவில், பின்பக்கம் தெருவைப் பார்த்து, மடக்கிய நாற்காலி மாதிரி நின்றார். போன் எங்கோ உருண்டது. கத்த மூச்சில்லை.

அப்போது தன் இரு கால்களுக்கு நடுவே தலைகீழாக ஒரு காட்சி தெரிந்தது. ஒரு ஜோடி ஆரஞ்சுச் செருப்பு.

அவருக்கு ஆள் முகம் மறக்கும், நிறம் மறக்காது. அந்த ஆரஞ்சு, கடையின் பெயின்ட் நிற அட்டையில் மூன்றாவது பக்கம், மேலிருந்து இரண்டாவது. தெருவிலேயே அந்த நிறத்தில் செருப்பு வைத்திருப்பது கராத்தே டீச்சர் ஒருத்திதான். தினமும் படிக்கட்டின் அடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாடி ஏறுவாள். அது கடைக்கும் அதன் பின்னாலிருந்த அவர் வீட்டுக்கும் பொதுவான படிக்கட்டு.

செருப்பு ஒரு கணம் நின்றது. ஒன்று தரையிலிருந்து மறைந்தது போல இருந்தது. இடுப்பில் தொம்மென்று ஏதோ இறங்கியது. படக் என்று ஒரு சத்தம். பூட்டு கழன்றுவிட்டது.

அவர் நிமிர்ந்து, திரும்பி, கண்ணில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஆள் இல்லை. கல்லாமேல் டீ மட்டும் ஆவி பறக்க இருந்தது. எட்டிப் பார்த்தார். ஆரஞ்சுச் செருப்பு படிக்கட்டடியில் சமர்த்தாக இருந்தது. மாடியில் பிள்ளைகள் ஹா, ஹூ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கராத்தேக்காரர்களுக்கு நரம்பு வித்தை தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தார். செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போன அந்தக் குணம் அவரை உருக்கிவிட்டது.

அந்த உருக்கத்தைத்தான் போன் உதையாக்கியிருந்தது.

முதல் வேலையாகப் பதிவை நீக்கினார். 'எல்லோருக்கும் நீக்கு', 'எனக்கு மட்டும் நீக்கு' என்று இரண்டு வழி கேட்டது. நான் போட்டதை நான்தானே நீக்க வேண்டும் என்று 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்தினார். பதிவு மறைந்தது. அப்பாடா என்று ஒரு வெள்ளை டின்னைத் திறந்து நீலம் கலக்க உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து மனைவி போனும் கையுமாக வந்தாள்.

"டீச்சர் உங்கள எதுக்கு உதைச்சாங்க?"

"அத நீக்கிட்டேனே. உனக்கு எப்படித் தெரியுது?"

"நீக்கிட்டா உதைச்சது இல்லைன்னு ஆயிடுமா? நீங்க என்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க."

"உதையில்லடி, உதவி."

"என்ன உதவி?"

பெரிய டிரம்மைத் தூக்கினேன் என்று சொன்னால் தள்ளுவண்டிக் கச்சேரி ஆரம்பிக்கும். தூக்கும்போது யாரோடு, யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று அதற்கு அடுத்த கேள்வி வரும்.

"உதவின்னா உதவிதான். விவரம் எதுக்கு?"

வாசல்படியில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "எந்தக் காலுன்னு போட்டிருக்கா மாப்பிள்ள? வலதா, இடதா?"

"நீங்க வேற அத்தை."

"இல்ல, சும்மா கேட்டேன். அந்தப் பொண்ணு உதைச்சிருக்காது. பூ மாதிரி பொண்ணு."

தன் பக்கம் பேசிய ஒரே ஆளும் மாமியாராக இருக்கிறாரே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த வேலையாக ஒரு திருத்தம் போட முடிவு செய்தார். இந்த முறை போனை நம்பவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

"நான் முன்பு எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். டீச்சர் மிகவும் நல்லவர். நான் நலமாக இருக்கிறேன். இதை எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை."

குழு நடுங்கிவிட்டது.

"அண்ணே, பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?" என்று ஜெராக்ஸ் கடை அக்கா கேட்டாள். "பதில் சொல்ல முடியலன்னா பரவாயில்ல. ஆபத்துன்னா ஒரே ஒரு ரோஜாப்பூ மட்டும் போடுங்க. நாங்க புரிஞ்சுக்கிறோம்."

இது நீளமான செய்தி. 'அண்ணே' என்று ஆரம்பித்ததை மட்டும் படித்தார். அக்கறையாகத்தான் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று, அக்கறைக்கு என்றைக்கும் தான் போடுகிற பதிலைப் போட்டார். ஒரே ஒரு ரோஜாப்பூ.

பத்து நிமிடத்தில் கடை வாசலில் கூட்டம். தையல்காரர் கையில் அடிக்கோலோடு வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் முதலுதவிப் பெட்டியோடு வந்திருந்தார். ஜெராக்ஸ் அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். யாரும் எதுவும் வாங்க வரவில்லை என்பதை நம்பவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தனக்கு ஒன்று என்றால் ஓடி வர இத்தனை பேரா என்று ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம், இவர்கள் அத்தனை பேரும் மாடியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. போன்தான் தப்பா எழுதிடுச்சு."

"அண்ணே, நீங்க பேசாதீங்க," என்றார் தையல்காரர். "உங்க நெலம எங்களுக்குத் தெரியும். என் வீட்டுலயும் போன்தான் தப்பா எழுதும்."

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் படிக்கட்டடியில் கூடிக் கூடிப் பேசினார்கள். 'வயசான மனுஷனைப் போய் உதைச்சிருக்கா' என்பது காதில் விழுந்தது. உதைத்ததைவிட அந்த 'வயசான' அவரை உறுத்தியது. மறுநாள் மாடியில் ஹா, ஹூ பாதியாகக் குறைந்திருந்தது.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவதுதான் மரியாதை என்று மாடி ஏறினார். ஏறும் அவசரத்தில், சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்புப் பெயின்ட் தெறித்திருந்ததைக் கவனிக்கவில்லை.

டீச்சர் தரையில் தனியாக உட்கார்ந்து பெல்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும்.

"டீச்சர், நீங்க செஞ்ச உதவிக்கு நான் இப்படிப் பண்ணிட்டேனே."

"நான் எந்த உதவியும் செய்யலையே அண்ணே."

"பாத்தீங்களா, இந்த அடக்கம்தான்."

"அடக்கம் இல்ல அண்ணே. நெசமாவே எனக்குத் தெரியாது. நான் அன்னைக்குக் கீழேயே இறங்கல."

"சரி சரி, புரியுது. வெளிய தெரிய வேணாம்னு நெனைக்கிறீங்க."

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குரல் இன்னும் இறங்கிவிட்டது. "பில்டிங் ஓனர் வந்துட்டுப் போனார் அண்ணே. ஞாயித்துக்கெழம எல்லாப் பெத்தவங்களையும் வரச் சொல்லியிருக்காராம். அவங்க வேணாம்னா ஹாலை மெத்தைக் கடைக்குக் குடோனா விட்டுடுவாராம். சத்தம் போடுற கிளாஸுக்கு வேற யாரும் இடம் தர மாட்டாங்க. தேடிப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

வியாபாரத்தில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நல்லது செய்தவர் பிழைப்பில் மண்ணைப் போட்டதில்லை. இரண்டு கையையும் கூப்பி, "நான் பாத்துக்கிறேன் டீச்சர், என்ன மன்னிச்சுடுங்க," என்று குனிந்தார். டீச்சர் பதறி எழுந்து நின்றாள்.

எதிர் மாடியில் ஜெராக்ஸ் அக்கா நின்றிருந்தாள்.

அவர் படி இறங்குவதற்குள் படம் குழுவில் ஏறிவிட்டது. டீச்சர் நிமிர்ந்து நிற்கிறாள், இவர் சட்டை முழுக்கச் சிவப்போடு கைகூப்பிக் குனிந்து நிற்கிறார். 'இரண்டாவது தடவையும் நடந்துவிட்டது' என்று கீழே ஒரு வரி.

மருந்துக்கடைக்காரர் குழுவின் விதியை ஒரு நாளைக்குத் தளர்த்திவிட்டதாக அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை வாசலே கூட்டமாக இருந்தது. பெற்றோர்கள் ஒரு பக்கம், 'நல்லதை மட்டும்' உறுப்பினர்கள் ஒரு பக்கம். பில்டிங் ஓனர் படிக்கட்டில் மூன்றாம் படியில் நின்றார். உயரத்தில் நின்றால்தான் அவருக்குப் பேச்சு வரும். பக்கத்தில் டீச்சர், வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு. மெத்தைக் கடைக்காரர் அளவு டேப்போடு வந்திருந்தார்.

பெயின்ட் கடைக்காரர் ஸ்டூல்மேல் ஏறினார். இனி மறைத்துப் பயனில்லை.

"அன்னைக்கு நான் பெரிய டிரம்மத் தூக்கினேன்."

"தூக்கினீங்களா?" என்று மனைவியின் குரல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

"அத அப்புறம் பேசிக்கலாம். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. குனிஞ்சவன் நிமிர முடியல. உசுரு போயிடும்னு நெனைச்சேன். பின்னால வீடு இருக்கு, வீடு நெறைய ஆளு இருக்கு, ஒருத்தர் எட்டிப் பாக்கல. வீட்டு மனுஷங்களுக்கு இல்லாத அக்கற வெளியாளு இந்த டீச்சருக்கு இருந்துச்சு. ஒரே தொடு. கையாலதான். அவ்வளவு பெரிய வலி பஞ்சாப் பறந்துடுச்சு. இவங்களப் போய் நாம தெருவ விட்டு அனுப்பலாமா?"

வீட்டு வாசலில் டீயோடு நின்றிருந்த மாமியாரின் முகம் 'வீட்டு மனுஷங்க' என்ற இடத்தில் கொஞ்சம் மாறியது. யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப உதைக்கல?" என்றார் ஓனர்.

"இல்ல."

"அத நாங்க எப்படி நம்புறது? ரோஜாப்பூ போட்டீங்களாமே."

பெயின்ட் கடைக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நம்ப வேணாம். பாருங்க. அதே டிரம், அதே எடம். எப்படி நடந்துச்சுன்னு செஞ்சே காட்டுறேன். டீச்சர், தயாரா இருங்க."

"அண்ணே, வேணாம்ணே," என்றாள் டீச்சர். "எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே."

"இந்த அடக்கத்தத்தான் சொன்னேன்," என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குனிந்தார். சும்மா தூக்குகிற மாதிரி நடிக்கத்தான் நினைத்தார். டிரம்முக்கு நடிப்புத் தெரியவில்லை. அதே இடத்தில், அதே பூட்டு.

"பிடிச்சுக்கிச்சு," என்று டிரம்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "நெசமாவே பிடிச்சுக்கிச்சு. டீச்சர், வாங்க."

யாரும் அசையவில்லை. டீச்சர் ஓனரைப் பார்த்தாள். "நான் போய்த் தொட்டா அதையும் படம் எடுப்பாங்களே சார்," என்றாள் மெதுவாக. ஜெராக்ஸ் அக்கா போனைக் கீழே இறக்கினாள். மருந்துக்கடைக்காரர் பெட்டியில் ஆயின்மென்ட்டைத் தேடினார்.

குனிந்திருந்தவரின் கால்களுக்கு நடுவே, தலைகீழாக, ஒரு ஜோடி ஆரஞ்சுச் செருப்பு வந்து நின்றது. மூன்றாவது பக்கம், மேலிருந்து இரண்டாவது. சந்தேகமே இல்லை.

"வந்துட்டாங்க," என்றார் நிம்மதியாக. "இப்பப் பாருங்க எல்லாரும். கைய மட்டும் கவனிங்க."

எல்லோரும் பார்த்தார்கள். தையல்காரர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மனைவி "ஐயையோ" என்று கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தொம். படக்.

பெயின்ட் கடைக்காரர் வில்லிலிருந்து விடுபட்ட அம்பு மாதிரி நிமிர்ந்தார். "பாத்தீங்களா," என்று வெற்றியோடு திரும்பியவர், திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

டீச்சர் மூன்றாம் படியில், ஓனர் பக்கத்தில், கட்டிய கையைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால்.

அவருக்கு நேர் எதிரே மாமியார் நின்றிருந்தார். கையில் டீ. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. காலில் ஆரஞ்சுச் செருப்பு.

முதலில் சிரித்தது பெற்றோர்கள் பக்கம்தான். ஒரு பிள்ளை "ஹா" என்று கத்தியது. மற்றதுகள் "ஹூ" என்றன. சிரிப்பு தெருக்கோடி வரை போனது. ஓனர்கூடப் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் பொண்ணு என் பக்கத்துலதான்யா நின்னுச்சு. ஹால் இவளுக்குத்தான். யாரும் பேசக் கூடாது," என்றார். மெத்தைக் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஜெராக்ஸ் அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்மா அந்தப் படத்தப் போட்டேன், இன்னைக்கே உன்னப் பத்தி ஒரு பக்கம் எழுதுறேன்," என்றாள்.

மாமியார் டீயைக் கல்லாமேல் வைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய்ப் படிக்கட்டடியில் ஜோடியாக வைத்தார். "என்னுது வார் அறுந்து கெடக்கும்மா," என்று டீச்சரிடம் சொன்னார். "டீ கொண்டு வரும்போது மாட்டிக்கிறதுதான். தப்பா நெனைக்காத."

மருந்துக்கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு பயபக்தியோடு கிட்டே வந்தார். இவ்வளவு நாளாக வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெரிய மனசை அவர் இப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

"அப்ப, அன்னைக்கு மாப்பிள்ளைக்குக் காலத்தால உதவி பண்ணினது நீங்கதானாம்மா?"

"உதவியா?" என்றார் மாமியார், மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே. "டீ எடுத்துட்டு வந்தேன், என்னைய என் மகன்கிட்ட ஒரு வாரமா பத்து நாளான்னு பேரம் பேசிட்டிருந்தாரு, பாவம், அந்தப் போன் எதையும் தப்பா எழுதலீங்க."